இருபத்திநாலு நாள்

உக்காருங்கம்மா, யாரும் வரலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஏறுறவங்களுக்கு இந்த வண்டியில எடம் கிடைக்கிறதே பெருசு. மதுரைக்குத்தானே? நாங்களும் மதுரைதான். நாங்கன்னா, அந்தா முன்னால மூணாவது சீட்டுல, ஜன்னலோரமா பச்சைத் துணி தலையில கட்டி உக்காந்திருக்கா பாருங்க, அவளும் நானும். என் தங்கச்சி, தங்கபுஷ்பம். முன்னால உக்காந்தாத்தான் அவளுக்குக் குமட்டாது. பக்கத்துல எடம் இருக்கத்தான் செய்யுது. நான்தான் பின்னால வந்துட்டேன். அவளுக்குக் காத்தாட இருக்கட்டும்னு வந்துட்டேன், வேற ஒண்ணும் இல்லை.

மெதுவாப் பேசுவோம். அவளுக்குப் பாம்புக் காது.

கையில என்ன கட்டு, பரீட்சைப் பேப்பரா? டீச்சரா நீங்க? என்ன பாடம்? பயாலஜியா! பாருங்க, யாரோ பார்த்து உங்களை இங்க உக்கார வச்ச மாதிரி இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும் டீச்சர். ஒரே ஒரு கேள்வி. இருபத்திநாலு நாள்ல ஒரு கட்டி எவ்வளவு வளரும்?

இருங்க, இருங்க. இப்பவே சொல்லிராதீங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டு அப்பறம் கேட்கிறேன். அரைகுறையாச் சொன்னா என்னைத் தப்பா நினைச்சிருவீங்க.

எனக்கு ராஜபாளையத்துல மாவுக்கடை. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு, மூணு கிரைண்டரை வச்சுத்தான் வண்டி ஓடுது. ஒரே பொண்ணு, யோகலட்சுமி. புஷ்பம் ரெண்டு தெரு தள்ளி இருக்கா. அவ வீட்டுக்காரர் ராஜாமணி குஜராத் லாரி ஓட்டுறாரு, மாசத்துல இருபது நாள் ரோட்டுலதான். பிள்ளை இல்லை. ஆனா யோகா பிறந்ததுல இருந்து அவ இடுப்புலதான் இருந்தா. பள்ளிக்கூடத்துல சேர்க்கிறப்ப அம்மா பேரு கேட்டதுக்கு என் மக ரெண்டு பேரு சொன்னா, தெரியுமா? ஹெட்மாஸ்டர் சிரிச்சிட்டாரு. எனக்குத்தான் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு.

போன கார்த்திகையில புஷ்பம் கடைக்கு வந்து, "அக்கா, நின்னு நின்னு தீட்டுப் பட்டுக்கிட்டே இருக்கு, நாலு மாசமாச்சு"ன்னா. நான், "நாப்பத்தஞ்சு வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்டி, நிக்கிறதுக்கு முன்னால கொட்டும், உளுந்தங்களி கிண்டிச் சாப்பிடு"ன்னேன். தப்பாச் சொன்னேனா? ஊரே அதைத்தான் சொல்லும். களி கிண்டி நானே தூக்குவாளியில கொண்டு போய்க் குடுத்தேன். அதெல்லாம் யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க.

தை பிறந்தப்பறம் ஒருநாள் கடைவாசல்ல மயங்கி விழுந்தா. எங்க ஊரு ஆஸ்பத்திரியில ஒரு துணுக்குச் சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க. அதுதான்னு சொல்லிட்டாங்க. எந்த இடத்துலன்னு எனக்கு வாய்விட்டுச் சொல்ல வரமாட்டேங்குது டீச்சர். கர்ப்பப்பை வாய். போதுமா? ஊர்ல எல்லார்கிட்டயும் அல்சர்னுதான் சொல்லியிருக்கு. ராஜாமணி லாரியில ஏறுறதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மைனி, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்"னாரு. நானும் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூடத் தவற விடலை. எல்லா ஃபைலும் என்கிட்டதான். நீங்க வேணா பாருங்க, இந்தா, நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்கேன்.

மதுரையில காட்டுற டாக்டரம்மாவுக்கு வயசு முப்பத்தஞ்சு இருந்தா அதிகம். நல்ல பொண்ணு. ஆனா மூஞ்சிக்கு நேரா சொல்லிரும். "இந்தக் கேன்சர்ல சாதாரணமா வர்ற வகை இல்லம்மா இது. ரொம்ப அபூர்வமா வர்ற வகை. எல்லாருக்கும் குடுக்கிற மருந்து இதுக்குக் கேட்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாது"ன்னு சொல்லுச்சு. பிள்ளையே பெறாதவளுக்கு அந்த இடத்துல எப்படிம்மா வரும்னு கேட்டேன். எனக்குத் தெரியாததைத்தானே கேட்டேன்? டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. புஷ்பம் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அவ சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டிருந்தா.

மூணு தடவை மருந்து ஏத்தினாங்க. முடி போச்சு, நாக்கெல்லாம் புண்ணு, கட்டி மட்டும் அசையலை. அப்பத்தான் டாக்டரம்மா அந்த டெஸ்டைச் சொல்லுச்சு. மரபணு டெஸ்ட். "உங்க ஊரு ஆஸ்பத்திரியில அன்னைக்கு எடுத்த சதையை மெழுகுல பதிச்சு பிளாக்கா வச்சிருப்பாங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வாங்க. அதோட மரபணுவைப் பார்த்துட்டோம்னா, எந்த மருந்து கேட்கும்னு தெரிஞ்சிரும். சீக்கிரம் கொண்டு வாங்க"ன்னுச்சு. இன்னும் என்னென்னவோ படம் போட்டுக் காட்டுச்சு. எனக்கு மரபணுங்கிற வார்த்தையில இருந்து அங்கிட்டு ஒண்ணும் காதுல ஏறலை.

கிருஷ்ணன்கோவில் வந்திருச்சா? இவ்வளவு வேகமா போறான் பாருங்க.

ஏன் ஏறலைன்னு கேளுங்க. அந்த வாரம்தான் யோகாவுக்கு இடம் கூடியிருந்துச்சு. மாப்பிள்ளை வீடு மதுரை, விளாங்குடி. நல்ல இடம், ஒரே பேச்சுல முடிஞ்சுது. மாப்பிள்ளையோட அம்மா போன்ல, "ரத்தத்துல வர்ற கோளாறு எதுவும் ரெண்டு பக்கமும் இல்லையே மதினி"ன்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு. சும்மாதான் கேட்டுச்சு. நான், "எங்க பரம்பரையில தலைவலி கூடக் கிடையாது"ன்னு சொல்லிட்டேன். அதுமட்டுமில்ல, மாப்பிள்ளையோட அண்ணன் மதுரையில ரத்த டெஸ்ட் எடுக்கிற லேப்ல வேலை பார்க்கிறான். மதுரையில லேப்காரங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கமாத்தானே இருப்பாங்க? இவ ரிசல்ட்ல எங்க அப்பா பேரு, ஊரு எல்லாம் இருக்கும். எங்க ரத்தத்துல இந்த நோய் ஓடுதுன்னு அதுல எழுதியிருந்து, அவன் கண்ணுல பட்டா? யோகாவோட வாழ்க்கை என்ன ஆகிறது? நீங்க ஒரு பொண்ணைப் பெத்திருந்தா உங்களுக்கும் இதுதான் தோணியிருக்கும்.

ஏப்ரல் இருபத்தொம்பதாம் தேதி எங்க ஊரு ஆஸ்பத்திரியில நோட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ள ரெண்டு மெழுகு வில்லை, ஓட்டல்ல தருவாங்களே குட்டி சோப்பு, அதுல பாதி இருக்கும். நடுவுல தவிட்டு நிறத்துல ஒரு பொட்டு. அதுதான் இவளோட சதை. "வெயில் படாம வச்சுக்கங்க, உருகிரும்"னு சொல்லிக் குடுத்தாங்க. மறுநாள் காலையில மதுரைக்குக் கிளம்பணும்னுதான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

காலையில குளிச்சுச் சேலை கட்டிட்டேன். டப்பாவைக் கையில எடுத்துட்டேன். அப்ப மாப்பிள்ளை வீட்ல இருந்து போன், நிச்சயம் மே இருபத்திரெண்டுன்னு. எனக்குக் கை வரலை டீச்சர். பீரோவைத் திறந்து, நிச்சயத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுக்கு அடியில டப்பாவை வச்சுப் பூட்டிட்டேன். நிச்சயம் முடியட்டும், இருபத்திமூணு நாள்தானே, அதுக்குள்ள என்ன ஆயிரப்போகுது, மருந்துதான் ஏத்திக்கிட்டிருக்காங்களேன்னு நினைச்சேன். அரக்குப் பட்டு குளுமையா இருக்கும். அக்னி நட்சத்திரத்துல கூட அது உருகலை. தினம் ரெண்டு வாட்டி திறந்து பார்த்துக்கிட்டேன், உருகிருச்சான்னு. அவ்வளவு பத்திரமா வச்சிருந்தேன்.

எட்டாவது நாள் நாலாவது தடவை மருந்து ஏத்தணும். நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா, "பிளாக் என்ன ஆச்சு?"ன்னு கேட்டுச்சு. "லேப்ல தேடிக்கிட்டிருக்காங்கம்மா, பழைய ரூம்ல போட்டுட்டாங்களாம்"னேன். வாயில தானா வந்திருச்சு. "சீக்கிரம் வாங்குங்க, அது வர்ற வரைக்கும் இதையேதான் ஏத்தணும்"னு சொல்லிட்டு எழுதிக் குடுத்துச்சு. அந்தத் தடவைதான் புஷ்பத்துக்கு ரொம்ப முடியாமப் போச்சு. நாலு நாள் தண்ணி கூட நிக்கலை. பாத்ரூம்ல உக்காந்து சுவத்துல தலையைச் சாய்ச்சுக்கிட்டு, "இது போதும்க்கா, விட்டுரச் சொல்லு"ன்னு அழுதா. நான் தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ எடுத்த வாந்தியை எல்லாம் நான்தான் அள்ளினேன்.

நிச்சயம் நல்லா நடந்துச்சு. குறை ஒண்ணும் இல்லை. புஷ்பத்தை மட்டும் உள் ரூம்ல படுத்துக்கச் சொன்னேன். தலையில முடியில்லாம, கண்ணைச் சுத்திக் கருப்பா, நாலு பேரு நாலு கேள்வி கேட்பாங்கல்ல? அவளுக்கும் ஓய்வாச்சு. யோகாதான் கேட்கலை. தட்டு மாத்துறதுக்கு முன்னால பட்டுச்சேலையோட ஓடிப்போய்ச் சித்தி கால்ல விழுந்துட்டா. நான் பின்னாலயே போய்க் கதவைச் சாத்தினேன். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுகிறாங்க, மை எல்லாம் கலைஞ்சு போச்சு. நல்ல நாளும் அதுவுமா அழுகையான்னு சத்தம் போட்டுத்தான் பிரிச்சேன்.

மறுநாளே, மறுநாளே டீச்சர், முதல் பஸ்ஸுல டப்பாவைக் கொண்டு போய்க் குடுத்துட்டேன். ஒருநாள் கூடத் தாமதிக்கலை.

மூணு வாரத்துல ரிசல்ட் வந்துச்சு. டாக்டரம்மா முகத்துல சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் போன உசிரு வந்துச்சு. "கட்டியில ஒரு மாற்றம் இருக்கு. அதுக்குன்னே ஒரு மருந்து இருக்கு. அதை ஆரம்பிச்சிரலாம்"னுச்சு. நான்தான் தைரியத்தைக் கூட்டிக்கிட்டு, "இது எங்க ரத்தத்துல வர்றதாம்மா? எனக்கு ஒரு பொண்ணு இருக்கு"ன்னு கேட்டேன். அதுக்கு அது சொல்லுது, "இல்லம்மா, இது அந்தக் கட்டியோட மரபணு. உங்க குடும்பத்தோடது இல்லை. அன்னைக்கே சொன்னேனே"ன்னு. குடும்பத்தோடது இல்லையாம். அன்னைக்கே சொல்லுச்சாம்.

அப்பத்தான் டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்துச்சு. "ஏப்ரல் இருபத்தொம்பதே அங்க வாங்கியாச்சுன்னு போட்டிருக்கு. இங்க வந்தது மே இருபத்திமூணு. இருபத்திநாலு நாள் இது எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டுச்சு. "நடுவுல ஒருதடவை பழைய மருந்தையே ஏத்திட்டோமே. அது இந்தக் கட்டிக்குக் கேட்காத மருந்து. உடம்பைத்தான் போட்டு அடிச்சிருக்கு. ஸ்கேன்ல இப்ப ஈரல்ல ரெண்டு புள்ளி தெரியுது, முன்னால இல்லாதது. யாரு வச்சிருந்தது?"

டேபிள் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டேன். அப்ப பக்கத்துல இருந்த புஷ்பம் பேசுறா. "நான்தான் டாக்டர் வச்சிருந்தேன். பயமா இருந்துச்சு. அக்காவைக் குடுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்"ன்னு சொல்றா. டாக்டரம்மா இவளைத்தான் திட்டுச்சு. "படிச்சவங்கதானே நீங்க, உங்க உசிரும்மா இது, உங்களுக்கே அக்கறை இல்லாட்டி நாங்க என்ன செய்ய?"ன்னு அஞ்சு நிமிஷம் திட்டுச்சு. புஷ்பம் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டா. நான் வாயைத் திறக்கலை. திறந்திருக்கணும்தான். ஆனா அவ முந்திக்கிட்டாளே, நான் நடுவுல என்னத்தைச் சொல்ல?

கல்லுப்பட்டி தாண்டிட்டானா? அவ பின்னால திரும்பிப் பார்க்கிறாளா டீச்சர்? இல்லையா. சரி.

அந்தப் புள்ளி முன்னாலயே இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். பழைய ஸ்கேன்ல தெரியாம இருந்திருக்கும். மிஷின்தானே, அதுக்கு என்ன தெரியும்? நீங்க பாடம் எடுக்கிறவங்க, உங்களுக்குத் தெரியும். இருக்கும்ல? தலையை ஆட்டாதீங்க, எனக்குப் பயமா இருக்கு.

புது மருந்து மூணு தடவை ஏத்தியாச்சு. முந்தாநாள் ஸ்கேன் எடுத்தோம், இன்னைக்கு ரிசல்ட். அந்த ரெண்டு புள்ளி சின்னதாயிருந்தா மருந்து கேட்குதுன்னு அர்த்தம், தொடர்ந்து ஏத்துவாங்க. பெருசாயிருந்தா, வேற மருந்து இப்போதைக்கு இல்லைன்னு டாக்டரம்மா போன தடவையே சொல்லிருச்சு. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. காலையில மாவுக்கு உப்புப் போட்டேனா போடலையான்னு கூடத் தெரியலை. சம்பந்தியம்மாகிட்ட ஆடித் தள்ளுபடியில கல்யாணச் சேலை பார்க்க வர்றோம்னு சொல்லியிருக்கேன். ஆவணியில கல்யாணம், இப்பப் போய் எதையும் சொல்ல முடியுமா? அதைச் சொன்னப்ப புஷ்பம் பக்கத்துலதான் இருந்தா. "எனக்கும் ஒண்ணு எடுக்கா, மாம்பழக் கலர்ல"ன்னு சிரிச்சா. எப்படித்தான் சிரிக்கிறாளோ.

நான் ஏன் அவ பக்கத்துல உக்காரலைன்னு நீங்க கேட்கலை. நல்லவங்க நீங்க. சொல்லிர்றேன். இதை இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. ராஜாமணிகிட்ட சொல்லலை, யோகாகிட்ட சொல்லலை. உங்களை இனிமே நான் பார்க்கப் போறதில்லை, அதனால சொல்றேன்.

போன தடவை மருந்து ஏத்துறப்ப, அவ கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். ரிசல்ட் வந்த நாள்ல இருந்தே எனக்கு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னா? எப்படித் தெரியும் இவளுக்கு? கேட்டே விட்டேன். "ஏன்டி பழியை நீ தூக்கிக்கிட்ட?"ன்னேன்.

அவ கண்ணை மூடிக்கிட்டே பேசினா. "மே மூணாம் தேதி உன் வீட்டுக்கு வந்தேன்லக்கா, யோகா பட்டுக்கு பார்டர் மடிச்சுத் தைக்கணும்னு? நீ கடையில இருந்த. சாவி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பீரோவைத் திறந்தேன். சேலைக்கு அடியில இருந்துச்சு. என் பேரு எழுதியிருந்துச்சு."

மூணாம் தேதி டீச்சர். நான் வச்ச நாலாவது நாள். அப்ப டாக்டரம்மாகிட்ட லேப்ல தேடுறாங்கன்னு நான் சொன்னப்ப இவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பக்கத்துல உக்காந்திருந்தா. கேட்காத மருந்தோ என்னவோன்னு தெரிஞ்சேதான் கையை நீட்டினா. வாந்தி எடுக்கிறப்ப நான் தலையைப் பிடிச்சேனே, அப்பவும் தெரியும்.

"எடுத்துக்கிட்டு நீயே போயிருக்கலாமேடி"ன்னேன். "யோகா நிச்சயம் நல்லா நடக்கணும்னு எனக்கும்தான் ஆசை. ஆனா நீயா எடுத்துக் குடுப்பேன்னு தினமும் பார்த்தேன்க்கா"ன்னா. எனக்குக் கோபம் வந்திருச்சு. கோபம்தான் வந்துச்சு, பொய் சொல்லலை. ஆஸ்பத்திரின்னு கூடப் பார்க்காம, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா? கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே"ன்னு சத்தம் போட்டேன். நர்சு திரும்பிப் பார்த்துச்சு.

அவ அப்பத்தான் கண்ணைத் திறந்தா. கோபமே இல்லை அந்த மூஞ்சியில. சின்ன வயசுல பயந்தா எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தா. "கேட்டு, இப்ப குடுக்க முடியாதுன்னு நீ சொல்லிட்டா? அதுக்கப்பறம் எனக்குன்னு யாருக்கா இருக்கா? அதான் கேட்கலை. இப்பக் கேட்கிறேன். கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"ன்னா.

குடுத்திருப்பேன்னுதான் சொன்னேன் டீச்சர். ஆனா உடனே சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னேன்.